மாணவர்களுக்கு ஓர் அலமாரியைத் திறந்து கொடுங்கள்: காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கும், ஏப்ரல் பிறந்ததும் மாணவர் கையில் கடிதம் கொடுத்து அவர்களிடம் அனுப்பிவைக்கும் கல்லூரித் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

தேர்வு முடிந்த கையோடு வரலாறும் தொல்லியலும் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக அலுவலக வாசலில் வந்து நிற்கிறார்கள். நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப். முதல் நாள் எல்லாக் காட்சிக்கூடங்களையும் சுற்றிக்காட்டுகிறோம். இரண்டாம் நாள் நூலகத்தில் உட்காரவைக்கிறோம். கூட்டம் வந்தால் நுழைவுச்சீட்டு மேசைக்கு அனுப்புகிறோம். மே 18 உலக அருங்காட்சியக நாள் வேறு சரியாக நடுவில் வந்துவிடுவதால் பதாகை கட்டவும் கோலம் போடவும் ஆள் கிடைத்துவிடுகிறது. கடைசி வாரம், இணையத்தில் ஏற்கெனவே இருப்பதையே முப்பது பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறோம். பிள்ளைக்கு 'அருங்காட்சியகம் என்றால் போரடிக்கும் இடம்' என்ற பாடம் மிச்சம். நமக்கு அதுவும் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வரும் கோடையில் அவர்களுக்கு முழு அருங்காட்சியகத்தையும் காட்டாதீர்கள். இருப்பு அறையில் ஓர் அலமாரியைத் திறந்து கொடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அளந்து, படமெடுத்து, நிலை எழுதி முடித்துவிட்டுப் போகட்டும்.

ஏன் ஒன்றே ஒன்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 4 வாரம்: மொத்தம் 100 மணி. கையாளக் கற்றுக்கொடுப்பதற்கு முதல் வாரத்தில் 15 மணி போகும். மே 18க்கு ஒரு நாள் எப்படியும் போகும். கடைசியில் சரிபார்த்து ஒப்படைக்க 10 மணி வேண்டும். மிஞ்சுவது 70. புதுக் கைக்கு ஒரு பொருளை எடுத்து, பதிந்து, படமெடுத்து, திரும்ப வைக்க 45 நிமிடம் ஆகும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அரை மணியாகக் குறையும். இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு பொருளைக் கையாள வேண்டும் என்பதால், ஆள் கூடினாலும் எண்ணிக்கை இரட்டிப்பாகாது. நன்றாக நடந்தால் 110 பொருள் முடியும். திட்டத்தில் 80 என்று எழுதுங்கள். 'மொத்தத் தொகுப்பையும் டிஜிட்டல் மயமாக்குவது' என்று எழுதினால் ஜூன் மாதம் உங்கள் கையில் பாதிப் பாதியாக நிற்கும் நான்கு கோப்புகள்தான் இருக்கும். அடுத்த வருடப் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

உங்கள் தயக்கம் எங்களுக்குத் தெரியாததல்ல. அலமாரியைத் திறந்தால் பதிவேட்டில் இருப்பது தட்டில் இருக்காது, தட்டில் இருப்பது பதிவேட்டில் இருக்காது. பணிமாறுதலில் வந்தபோது, முன்னவர் நீட்டிய இருப்புப் பட்டியலில் எண்ணிப் பார்க்க நேரமில்லாமல் கையெழுத்திட்டு வாங்கியிருப்பீர்கள். இன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண் '37ஆம் எண் இல்லையே சார்' என்று சொன்னால் அது யார் தலையில் விழும்? அருங்காட்சியகங்களின் இருப்பு அறைகள் மாணவர்களுக்குத் திறக்காமல் இருப்பதற்குப் பூச்சி, தூசி, இடநெருக்கடி என்று பல காரணம் சொல்கிறோம். உண்மையான காரணம் இந்தக் கையெழுத்துதான்.

அதனால் ஒப்பிடும் முறையை முதலிலேயே கட்டிவிட வேண்டும். மாணவர்கள் மூலப் பதிவேட்டைத் தொடவே கூடாது. அவர்களிடம் அந்த அலமாரிக்குரிய பக்கங்களின் நகலைக் கொடுங்கள். பென்சிலில் மட்டும் குறிக்கட்டும். ஒவ்வொரு பொருளும் மூன்றில் ஒரு கட்டத்தில் விழும். பதிவேட்டிலும் உண்டு, தட்டிலும் உண்டு என்றால் வேலை நடக்கட்டும். தட்டில் உண்டு, பதிவேட்டில் இல்லை என்றால் அதற்குப் புதிய பதிவு எண் கொடுக்கக் கூடாது. 'த' என்ற முன்னெழுத்தோடு த1, த2 என்று தற்காலிக எண் போதும். பெரும்பாலும் அது எண் அழிந்துபோன பழைய பொருளாகத்தான் இருக்கும். புது எண் கொடுத்தால் ஒரே பொருள் பதிவேட்டில் இரண்டு தடவை பிறந்துவிடும். பதிவேட்டில் உண்டு, தட்டில் இல்லை என்றால் மாணவர் 'காணவில்லை' என்று எங்கேயும் எழுத வேண்டாம். 'இந்தத் தட்டில் இன்று பார்க்கப்படவில்லை' என்று தனித்தாளில் எழுதி, தேதியிட்டு, அன்று மாலையே உங்களிடம் தரட்டும். இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசம் சட்டத்திலும் உண்டு, நடப்பிலும் உண்டு. பொருள் காட்சிக்கூடத்தில் இருக்கலாம், வேறொரு கண்காட்சிக்குப் போயிருக்கலாம், ஆய்வகத்தில் பத்து வருடமாகக் கிடக்கலாம். அந்தத் தாள்கள் சேரச் சேர அலமாரி அலமாரியாக உங்கள் பக்கம் வலுக்கும். அடுத்த பணிமாறுதலில் நீங்கள் நீட்டும் பட்டியல் எண்ணிப் பார்த்த பட்டியலாக இருக்கும்.

இன்னொன்று. புதையலாக வந்த செப்புத் திருமேனிகளுக்கும் காசுகளுக்கும் அருங்காட்சியகத்தில் இருப்பது பாதிக் கதைதான். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் கிடைத்த இடம், தோண்டிய ஆழம், உடன் கிடைத்தவை எல்லாம் வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் இருக்கும். நம் பதிவேட்டில் ஊர்ப் பெயரும் அந்தக் கோப்பைக் குறிக்கும் ஒரு ந.க. எண்ணும் மட்டும் இருக்கும். அந்த ந.க. எண்களைத் தனியே திரட்டித் தரும் வேலையை ஒரு மாணவர் இரண்டு நாளில் முடிப்பார். பிறகு கோப்பைத் தேடுவது உங்கள் கடிதத்தால் ஆக வேண்டியது.

ஊர்ப் பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. பழைய பதிவேடு 'தென்னார்க்காடு மாவட்டம்' என்று சொல்லும். 1993இல் அது கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆர்வக்கோளாறில் மாணவர்கள் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதிவிடுவார்கள், அதுவும் ஊகத்தில். பதிவேட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் ஒரு பத்தியில் வைத்து, இன்றைய வட்டம், மாவட்டம் என்று பக்கத்தில் தனிப் பத்தி போடச் சொல்லுங்கள்.

மாணவர்கள் வருவதற்கு முன் உங்கள் தரப்பில் ஒரு நாள் வேலை இருக்கிறது. எந்த அலமாரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கருங்கல் சிற்பம் வேண்டாம்: ஒரு கன அடிக் கருங்கல் 75 கிலோ எடை, 'சின்ன நந்திதானே' என்று இரண்டு பேர் குனிந்தால் இடுப்பு போகும், இல்லாவிட்டால் நந்தியின் காது உடையும். ஓலைச்சுவடியும் துணியும் முதல் வருடத்துக்கு வேண்டாம். சுடுமண், செப்புப் பாத்திரங்கள், சிறிய செப்புத் திருமேனிகள், காசுகள் இவற்றில் ஒன்று போதும். அந்த அலமாரியின் பக்கத்தில் 3 அடிக்கு 6 அடி மேசை ஒன்று, அதன்மேல் விரிக்க பாலிஎத்திலீன் நுரைத்தாள், ஓரம் உயர்ந்த இரண்டு தட்டுகள், 2பி பென்சில், வெர்னியர் அளவுகோல், 0.01 கிராம் வரை காட்டும் தராசு. பேனா உள்ளே வரக் கூடாது. தண்ணீர் பாட்டில் வெளியே ஸ்டூலில் இருக்கட்டும், ஆனால் கட்டாயம் இருக்கட்டும். தகரமும் கல்நாரும் வேய்ந்த இருப்பு அறைகளில் மே மாத மதியம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறை வேலை காலை 10 முதல் 1 வரை. சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறியின் கீழ் கணினி வேலை. பெண் பிள்ளைகள் வருவார்கள் என்றால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதல் நாளுக்கு முன்பே பாருங்கள். பேருந்துக் காசாவது கொடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இலவசமாக உழைக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தத் துறைக்குள் வந்துகொண்டிருப்பது நல்லதில்லை.

முதல் மூன்று நாள் கையாளும் பயிற்சி. பழைய பொருளில் அல்ல, கடையில் வாங்கிய மண்பானையிலும் பித்தளைச் சொம்பிலும். தொடுவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். துப்பட்டா நுனியைக் குத்த வேண்டும். கல்லூரி கட்டாயமாக மாட்டச் சொல்லும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட வேண்டும்: குனியும்போது ஊஞ்சலாடி சுடுமண் பொம்மையின் மூக்கில் இடிப்பது அதுதான். உலோகத்துக்கு நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறை வழுக்கும், வியர்வையை உறிஞ்சி உலோகத்துக்கே கடத்தும். நம் வெயிலில் நைட்ரைலுக்குள்ளும் வியர்வை குளமாகும். அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுடுமண்ணுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே மேல். பானையைக் கழுத்திலும், திருமேனியைக் கையிலும் பிரபையிலும், விளக்கைத் தண்டிலும் பிடித்துத் தூக்கக் கூடாது; ஒரு கை அடியில், ஒரு கை உடலில். தூக்குவதற்கு முன்பே வைக்கப்போகும் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒருவர் தூக்க, இன்னொருவர் வழியும் கதவும் பார்க்க வேண்டும். தனியாக யாரும் இருப்பு அறையில் இருக்கக் கூடாது. பொருளின் பாதுகாப்புக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று குறைந்தால் அந்தப் பிள்ளையின் மேல் சந்தேகம் விழாமலிருக்கவும்தான். சாவிப் பதிவேட்டில் திறந்த நேரமும் மூடிய நேரமும் உங்கள் பணியாளர் கையெழுத்தில் இருக்கட்டும்.

பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் உள்ள அலமாரியாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழைய காலத்தில் தோலைப் பதப்படுத்த ஆர்செனிக் கலந்த சோப்பைப் பூசினார்கள். பாதரச உப்பும் பூச்சிமருந்தும்கூடப் பயன்பட்டன. இறகின் அடியில் தெரியும் வெள்ளைப் பொடியைத் தூசி என்று ஊதிப் பார்க்கும் மாணவர்கள் உண்டு. அந்த அலமாரியை அவர்களுக்குக் கொடுக்காமலிருப்பதே நல்லது.

இனி, எழுதும் வேலை. மாணவர் சிக்குவது இங்கேதான். 'அழகிய பார்வதி சிலை, ஐம்பொன், சோழர் காலம், நல்ல நிலை' என்று ஒரே வரியில் ஐந்து தவறு செய்யலாம். அழகு பதிவுக்குரியதல்ல. பார்வதி என்பது முடிவு. முதலில் கண்டது வேண்டும்: நின்ற கோலம், இரு கைகள், வலக்கை கடக முத்திரையில், இடக்கை தொங்கவிட்டது, கரண்ட மகுடம், வட்டத் தாமரைப் பீடம். அதன்பின் 'பார்வதியாகலாம்' என்று தனிக்கட்டத்தில் எழுதலாம். ஐம்பொன் என்பது செய்தித்தாள் சொல். தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் செம்பு. அதில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். ஆய்வகச் சோதனை இல்லாமல் 'செப்புக் கலவை' என்பதோடு நிறுத்த வேண்டும். காலத்துக்கு ஆதாரம் கல்வெட்டா, பழைய பட்டியலா, உடன் கிடைத்த பொருளா என்று சொல்லாமல் 'சோழர்' என்று எழுதுவதில் பயனில்லை. 'நல்ல நிலை' என்பதைப் பதிவுத் தாளிலிருந்தே ஒழித்துவிடலாம். 'பீடத்தின் இடப் பின்மூலையில் 14 மி.மீ. விரிசல்; பழையது, உள்ளே தூசி படிந்துள்ளது' என்பதுதான் நிலை. புதிய உடைவு பளிச்சென்று தெரியும், ஓரம் கூர்மையாக இருக்கும். பழைய உடைவின் முகம் மற்றப் பரப்பின் நிறத்துக்கே வந்திருக்கும். இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்தால், பின்னால் 'எப்போது உடைந்தது' என்ற கேள்விக்குப் பதில் பதிவிலேயே கிடைக்கும்.

இடம், வலம் என்பது எப்போதும் திருமேனியின் இடம், வலம், பார்ப்பவருடையதல்ல. இதைத் தாளின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள். உயரம் பீடத்தோடா, பீடமில்லாமலா என்று இரண்டையும் எழுத வேண்டும். பழைய பதிவேட்டில் அங்குலமும் புதிய தாளில் சென்டிமீட்டரும் இருப்பதால், 18 என்று பார்த்துவிட்டு 45.7 என்ற அளவுள்ள திருமேனியை 'பொருந்தவில்லை' என்று தள்ளிவிடும் தவறும் நடக்கும். பொருளின் மேலுள்ள பழைய எண்கள், ஒட்டிய துண்டுச்சீட்டுகள், கயிற்றில் கட்டிய அட்டை எல்லாவற்றையும் அப்படியே படியெடுக்க வேண்டும். ஒன்றையும் பிய்க்கக் கூடாது. மூன்று எண் இருந்தால் மூன்றும் சாட்சி.

எண் எழுதும் வேலையை மூன்றாம் வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள். பாரலாய்ட் பி-72 பிசின் 20 கிராம், அசிட்டோன் 100 மில்லி. மூடிய கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு விட்டால் கரையும். பொருளின் பின்புறம், பீடத்தின் ஓரமாக, தரையில் உரசாத இடத்தில் விரல் நகமளவு ஒரு பூச்சு. அரை மணி காயவேண்டும். அதன்மேல் கரி நிறமி மையால் 2, 3 மி.மீ. உயரத்தில் எண். கறுத்த உலோகமென்றால் வெள்ளை நிறமி. மை நன்றாகக் காய்ந்தபின் மேல்பூச்சு ஒரே இழுப்பில். இரண்டாம் தடவை தூரிகை போனால் அசிட்டோன் அடிப்பூச்சையும் சேர்த்துக் கரைத்து எண்ணை மெழுகிவிடும். கடற்கரை மாவட்டங்களில் ஈரக்காற்றுள்ள நாளில் பூச்சு பால்போல் வெளுக்கும்: அசிட்டோன் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விப்பதால் காற்றின் ஈரம் அதில் படிகிறது. அப்படிப்பட்ட நாளில் எண் எழுத வேண்டாம். அசிட்டோன் தீப்பிடிக்கும் பொருள். அறையில் 100 மில்லிக்கு மேல் வைக்கக் கூடாது. நகப்பூச்சு மலிவாயிற்றே என்று அதைப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது மஞ்சளித்து உரிந்து விழும், எண்ணும் அதோடு போகும். ஒயிட்னரும் செல்லோடேப்பும் பற்றிச் சொல்லவே வேண்டாம். காசின்மேல் எந்த எண்ணும் எழுதக் கூடாது. பாலியெஸ்டர் உறைக்குள் காசு, வெளியே அட்டையில் எண். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பசையாகக் கசிந்து காசில் ஒட்டும்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு வரிச் சட்டம்: மென்தூரிகையால் தளர்ந்த தூசியைத் தட்டுவது மட்டும். வீட்டில் குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகிய கைக்குப் புளியும் எலுமிச்சையும் சாம்பலும் இயல்பாக ஞாபகம் வரும். புளி களிம்பை மட்டுமா எடுக்கும்? நூற்றாண்டுகளாகப் படிந்து உலோகத்தைக் காத்துக்கொண்டிருக்கும் படலத்தையும் எடுத்துவிடும், அமிலத்தை இடுக்கில் விட்டுவைக்கும்.

மாறாக, பார்க்கக் கற்றுக்கொடுங்கள். செப்புப் பொருளில் கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும் படலம் பிரச்சினையில்லை. வெளிர்பச்சைப் பொடி, அதுவும் புள்ளி புள்ளியாக, குச்சியால் தொட்டால் உதிர்வது: அதுதான் வெண்கல நோய். மண்ணிலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் வந்த குளோரைடு, உலோகத்தோடு சேர்ந்து, ஈரமும் ஆக்சிஜனும் கிடைக்கும்போதெல்லாம் மேலும் மேலும் தின்றுகொண்டே போகும். சந்தேகமிருந்தால் பொருளின் அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொடி விழுந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மருத்துவம் மாணவர் வேலையல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் இயங்கும் வேதியியல் ஆய்வகம் போன்ற இடத்தின் வேலை. ஆனால் அதுவரைக்கும் அந்தப் பொருளைத் தனியே எடுத்து, காற்றுப் புகாத பாலிபுரொபிலீன் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, 40 விழுக்காட்டுக்குக் குறைந்த ஈரப்பதத்தில் மூடிவைக்கலாம். டப்பாவுக்குள் ஓர் ஈரமானி அட்டை. ஜெல் நிறம் மாறினால் மாற்ற வேண்டும் என்று வெளியே தேதியோடு எழுதி ஒட்ட வேண்டும். மூடிவைத்துவிட்டு மறந்தால் நிறைந்த ஜெல் ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

படம் எடுப்பதை மாணவர்கள் விரும்பிச் செய்வார்கள், அதனாலேயே கெடுப்பார்கள். சரிந்த கோணமும் நிழல் விளையாட்டும் வேண்டாம். சாம்பல் நிறத் தாள் பின்னணி, அளவுகோல், எண் அட்டை, வெள்ளைத் துணி வழியாக வடிகட்டிய இரண்டு பக்க விளக்கு. முன், பின், இரு பக்கம், அடி, பிறகு குறைகள் ஒவ்வொன்றும் நெருக்கத்தில். எழுத்து உள்ள இடத்தில் மட்டும் ஒரு விளக்கை அணைத்து மற்றதைப் பரப்புக்குச் சாய்வாக வைத்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கும் மாணவரிடம் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரைச் சொல்லுங்கள். கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014இல் அது திரும்பி வந்தது. அது இந்த ஊர்த் திருமேனிதான் என்று காட்டியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பிலிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். வார்ப்பின்போது விழுந்த குறை, ஒட்டு, தேய்மானம் ஆகியவை ஒரு திருமேனிக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. அடியையும் முதுகையும் படமெடுக்காத பதிவு, களவு போனால் பாதிக்கு மேல் உதவாது.

கணினியில் ஒரே ஒரு பள்ளத்தை மட்டும் சொல்கிறோம், ஏனென்றால் அது பல பட்டியல்களைக் கெடுக்கிறது. நம் பழைய பதிவு எண்கள் எண்/ஆண்டு என்ற வடிவில் இருக்கின்றன. எக்செல்லில் 5/62 என்று அடித்தால் அது தேதியென்று நினைத்துக்கொண்டு 'மே-62' என்று மாற்றிவிடும். 241/67 என்பது தேதியாக முடியாததால் அப்படியே நிற்கும். ஆக 12 வரையிலான எண்கள் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். மேலோட்டமாகப் பார்த்தால் பட்டியல் சரியாகத் தெரியும். ஓர் எழுத்துகூட அடிப்பதற்கு முன் அந்தப் பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். தமிழ் யூனிகோடில் மட்டும். நடராஜர், நடராசர், ஆடவல்லான் என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் தேடும்போது ஒன்றுதான் அகப்படும். ஒரு பக்கச் சொற்பட்டியலை முதல் வாரமே ஒட்டிவையுங்கள். நாள்தோறும் மாலை கோப்பின் நகல் ஒன்று அலுவலகக் கணினியில், ஒன்று வெளி வன்தட்டில். மாணவரின் சொந்தப் பென்டிரைவில் மட்டும் இருக்கும் வேலை ஜூன் மாதம் அவரோடு போய்விடும்.

ஓலைச்சுவடி வேண்டாமென்றோம். இரண்டாம் வருடம் அதே மாணவர் திரும்பி வந்தால் கொடுக்கலாம். ஏடுகளை எண்ணுவதே நல்ல வேலை: ஏட்டின் இட ஓரத்தில் தமிழ் எண் இருக்கும், ௰௬ என்றால் 16. ஏடு விடுபட்ட இடம், வரிசை மாறிய இடம் அதிலேயே தெரியும். வாசிக்கத் தொடங்கினால் புள்ளி இல்லாத மெய்யும், ரகரமும் காலும் ஒன்றாகத் தெரிவதும் முதலில் மிரட்டும். எலுமிச்சைப்புல் தைலம் பூசுவதையும் ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிப்பதையும் மட்டும் அவர்களிடம் விடாதீர்கள்.

உடைந்தால் என்ன செய்வது என்பதை உடைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கையை எடு, நகராதே, பணியாளரைக் கூப்பிடு, கிடக்கும் நிலையிலேயே படமெடு, தூள் உட்பட எல்லாத் துண்டையும் ஒரே ஜிப் உறையில் போட்டு எண் எழுது. பெருக்கக் கூடாது. பொருத்திப் பார்க்கவும் கூடாது. உடைந்த ஓரங்கள் உரசினால் பிறகு சரியாகச் சேராது. 'உடைத்தால் தொலைத்துவிடுவேன்' என்று மிரட்டி வைத்த இடத்தில்தான் பிள்ளைகள் பயந்துபோய் ஃபெவிக்விக் வாங்கி வருகிறார்கள். அந்தப் பசையைச் சுடுமண்ணிலிருந்து எடுக்க ஆய்வகத்துக்கு நாள்கணக்கில் ஆகும். உடைந்த துண்டை முறையாக ஒட்ட ஒரு மணி நேரம் போதும். பயத்தால் வரும் சேதமே பெரிது.

நான்காம் வாரத்தின் கடைசி இரண்டு நாள் சோதனை. பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்காக ரோமில் இயங்கும் ஐக்ரோம் அமைப்பு இருப்பு அறைகளுக்காக வகுத்த ரீ-ஆர்க் முறையில் இரண்டு எளிய அளவுகோல் உண்டு: எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அதை எடுக்க இரண்டுக்கு மேல் வேறு பொருளை நகர்த்தக் கூடாது. உங்கள் உதவியாளர் பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களைத் தொடட்டும். அந்த அலமாரியை இதுவரை திறந்தே பார்க்காத ஒருவர் போய் எடுத்து வரட்டும், கையில் கடிகாரத்தோடு. பத்தில் இரண்டு தவறினால் தட்டு எண் எழுதியதில் பிழை. திருத்த இன்னும் ஒரு நாள் இருக்கிறது. பிறகு தட்டில் இருந்து பதிவுக்கும் ஐந்து எண் பார்க்க வேண்டும், திசை மாறினால் வேறு பிழை வெளிவரும்.

சான்றிதழில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று எழுத வேண்டாம். அது எல்லாச் சான்றிதழிலும் இருக்கிறது. 'இருப்பு அறை, அலமாரி 7, தட்டு 1 முதல் 4 வரை, 84 பொருள்கள்: ஒப்பிடல், அளவு, நிலை, படம்' என்று எழுதுங்கள். வேலை கேட்டுப் போகுமிடத்தில் அந்த ஒரு வரி பேசும். ஒவ்வொரு பதிவிலும் 'பதிந்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரும் தேதியும் நிற்கட்டும். முப்பது பக்க அறிக்கைக்குப் பதிலாக அந்த 84 தாள்களையே துறைத் தலைவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்களிடம் எங்கள் தனி வேண்டுகோள்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அலமாரியைத் தேர்ந்து, அதன் பதிவேட்டுப் பக்கங்களை நகலெடுத்து வைத்துவிட்டால் மற்றதெல்லாம் நடக்கும். மே 18க்கு அவர்கள் கோலமும் போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அன்று வரும் பார்வையாளருக்கு, முடித்த தட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டி விளக்கவும் விடுங்கள்.

இப்படிக்கு,
பொருட்பதிவிலும் பாதுகாப்புப் பணியிலும் இருக்கும் சிலர்